சத்தமில்லாத சாய்மானம்

வைத்தியர் என் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் உட்காரலாம். அடுத்த வருஷம் எப்படியோ, சொல்ல முடியாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்ததும் பரண்மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். "முதுகு வலிக்காரர் கடல் தாண்டிப் போய்க் கொக்கு பார்க்கணுமா?" என்று என் மனைவி கேட்டாள். கொக்கு இல்லை, பூநாரை என்றேன். அவளுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் கற்பிக்கிறவன். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் துழாவித் தின்னும். யாரோ வரைந்த படத்தைப் பார்த்து நானும் அதைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். அந்தக் கழுத்தின் வளைவு ஒரு நாளும் எனக்குச் சரியாக வந்ததில்லை. எங்கள் கோடிக்கரையில் அவை கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. ஆனால் அவை நிற்கும் சேற்றில் படகும் போகாது, ஆளும் நடக்க முடியாது. கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாக ஏதோ தெரியும், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றுக்கு உள்ளே இருக்கும் கடல்நீர் ஏரியில் சின்ன வள்ளத்தில் கிட்டப் போகலாம் என்று நண்பர் சின்னத்துரை எழுதியிருந்தார். மாசி கழிந்தால் தண்ணீர் வற்றும், பறவைகள் போய்விடும். இந்த வருஷம் பார்க்காவிட்டால் நான் பார்க்கப் போவதில்லை. ஆகவே புறப்பட்டேன். கப்பலும் ரயிலும் என் முதுகுக்குச் செய்த கொடுமையை இங்கே சொல்லப் புகுந்தால் பறவைக்கு இடம் இராது.

சின்னத்துரை சிதம்பரத்தில் என்னோடு படித்தவர், என்னைவிட மூத்தவர். நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரர். நான் போய்ச் சேர்ந்தபோது விறாந்தையில் கித்தான் துணி போட்ட சாய்வு நாற்காலியில், அவர்கள் சொல்லும் சாய்மனைக் கதிரையில், கிடந்தார். எழுந்து வந்து கட்டிக்கொள்ள நினைத்தவர், பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"கிணத்துத் துலாவிலை இருந்து விழுந்தனான் தம்பி. அண்டு தொடக்கம் இந்தக் கதிரைதான் எனக்கு ஊர் உலகம் எல்லாம்" என்றார். இரண்டு முதுகு வலிக்காரர்கள் சந்தித்தால் வேறென்ன பேசுவார்கள்? விளக்கேற்றும்வரை முதுகைப் பற்றியே பேசினோம்.

அவருடைய மனைவி பார்வதி அக்காள் பிட்டும் தேங்காய்ப்பால் சொதியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். பிட்டோடு பழத்தைப் பிசைந்து சாப்பிட வேண்டுமாம். எங்கள் ஊர்ப் புட்டில் சர்க்கரை போட்டுக் கெடுத்துவைத்திருக்கிறோம் என்பது அன்றுதான் தெரிந்தது. தேநீரில் சீனி போடவில்லை. பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கிறார்கள். நான் முழுத் துண்டையும் முதலிலேயே தின்றுவிட்டு, மீதித் தேநீரைக் கசப்போடு விழுங்கினேன்.

சாப்பிட்டு முடித்த சமயத்தில் வள்ளக்காரர் வந்தார். பெயர் வேலுப்பிள்ளை. அகன்ற தோள், வாயில் அணைந்த சுருட்டு. முற்றத்தில் நின்றபடியே பேசினார். சின்னத்துரை கதிரையில் சாய்ந்தபடியே பதில் சொன்னார். எங்கள் தஞ்சாவூரிலும் யார் உட்காருவது, யார் நிற்பது என்பதெல்லாம் இப்படித்தான், ஆகையால் எனக்கு அது புதிதாகப் படவில்லை. வேலுப்பிள்ளைக்கு நடுநடுவே பெரிய இருமல் வந்தது. வாழையில் அடைந்த காகங்கள் ஒவ்வொரு தடவையும் எழுந்து பறந்தன.

"ஆளைக் கொண்டுபோய்க் காட்டுறது என்ரை பொறுப்பு. பறவை நிக்கிறது பறவையின்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பஸ் பயணம். ஆட்களைவிட வாழைக்குலைகள் அதிகம். குலைகளுக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டு எங்களை மிச்ச இடத்தில் திணித்தார் நடத்துனர். அச்சுவேலி தாண்டியதும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் முருகனைக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த கிழவர், "இன்னும் முருகன்ரை கோயில் வரேல்லைத் தம்பி" என்றார்.

வேலுப்பிள்ளையின் வள்ளம் ஒடுக்கமானது. இரண்டு குறுக்குப் பலகைகள், அவ்வளவுதான். அவர் பின்னால் நின்று நீண்ட கம்பை ஊன்றித் தள்ள, முன்பலகையில் நான் அட்டையையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை. கண்ணாடி போல அசையாமல் கிடந்தது.

"நிண்டு கம்பூண்டினா இருமல் வராது. சும்மா நிண்டாலும் குந்தியிருந்தாலும் வந்திடும்" என்றார் அவர். "அதுதான் வள்ளத்திலை நான் குந்தியிருக்கிறதில்லை."

தூரத்தில் முதலில் ஒரு வெளிறிய சிவப்புக் கோடு தெரிந்தது. பிறகு கோடு கால்களாகப் பிரிந்தது. இன்னும் கொஞ்ச தூரந்தான் என்றபோது இடுப்பில் யாரோ ஆணி அறைந்த மாதிரி ஒரு வலி. பல்லைக் கடித்தேன், முடியவில்லை. "அம்மா!" என்று கத்திவிட்டேன். சிவப்புக் கோடு அப்படியே எழுந்து, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஏரியின் அடுத்த கோடிக்குப் போய்விட்டது.

வேலுப்பிள்ளை கம்பை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "உங்கடை முதுகுதான் கலைச்சது. அதுக்கு ஒரு சாய்மானம் வேணும்" என்றார். சற்று யோசித்து, "சத்தம் போடாத சாய்மானமாய் இருக்கவேணும். இந்தத் தண்ணியிலை ஒரு குண்டூசி விழுந்தாலும் அதுகளுக்குக் கேக்கும்" என்றும் சொன்னார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பிறகு பட்டபாடு கொஞ்சமில்லை. சாய்மானம் யார் வேண்டுமானாலும் தருவார்கள். சத்தம் போடாத சாய்மானத்துக்கு எங்கே போவது?

சின்னத்துரையின் யோசனை கீரிமலை. "முதலிலை நோயைத் தீர்த்துப்போடும். அந்தக் கேணியிலை முழுகினா முதுகு தானாய் நிமிரும்."

"நீங்க முழுகினீங்களா அண்ணா?"

"வருசம் தவறாமல்!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

போனேன். ஒரு பக்கம் உப்புக் கடல் அலையடிக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அந்த அதிசயத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம். கேணியில் மிதந்தபோது எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. திரும்பி வந்த பஸ் அதை நன்றாக ஞாபகப்படுத்தியது.

அடுத்தது வாழைச் சருகு. நீர்வேலியில் அதற்குப் பஞ்சமில்லை. பார்வதி அக்காள் ஒரு சாக்கில் அடைத்துத் தைத்துக் கொடுத்தார். மெத்து மெத்தென்று இருந்தது. ஆனால் வள்ளத்தில் நான் மூச்சு விட்டாலே சரசரவென்றது. "சாரைப் பாம்பை மடியிலை வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் வேலுப்பிள்ளை. பறவைகள் நாங்கள் பாதி தூரம் போவதற்குள்ளேயே கிளம்பிவிட்டன.

பிறகு அவருடைய யோசனை. பழைய வலைகளை மடித்துக் குவித்து அதில் சாயச் சொன்னார். சத்தமே இல்லை, வாஸ்தவம். ஆனால் வலை மெல்ல மெல்லச் சரிந்தது, அதோடு நானும் சரிந்தேன். கடைசியில் வள்ளத்தின் அடியில் மல்லாந்து கிடந்து வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோது வேட்டி முழுக்க மீன் நாற்றம். பார்வதி அக்காள் கிணற்றடியைக் காட்டினார்.

மருதனார்மடச் சந்தைக்குப் போய்ப் பிரம்பு நாற்காலி ஒன்று வாங்கி, அதன் முதுகை மட்டும் அறுத்தெடுத்துப் பலகையில் கட்டினேன். தரையில் வைத்துச் சாய்ந்தால் ஊமை போல இருந்தது. தண்ணீரில் வள்ளம் ஆடியதும், கிறீச், கிறீச் என்று ஆரம்பித்தது. நல்லெண்ணெய் தடவினேன். எண்ணெய் என் சட்டைக்குப் போயிற்று, கிறீச் இருந்த இடத்திலேயே இருந்தது. கோபத்தில் அதை அவிழ்த்து ஏரியில் எறியப் போனேன். வேலுப்பிள்ளை தடுத்து வாங்கி, தன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் அவர் வீட்டில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் கொடுத்தார்கள். நண்டும் இறாலும் மீனும் மிதந்தன. நான் ஊரில் மீன் சாப்பிடுகிறவன்தான், சின்னத்துரையின் சைவ வீட்டில் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. உறைப்பில் கண்ணீர் வழிய வழிய இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன். வேலுப்பிள்ளையின் மனைவி, "அழுது அழுது குடிக்கிறியள், பிறகேன் கேக்கிறியள்?" என்று சிரித்தார்.

ஏரியின் ஓரங்களில் உப்புப் பூக்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர் பின்வாங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார் வேலுப்பிள்ளை. எனக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. பார்க்காமல் திரும்புவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சின்னத்துரை தம் கதிரையைக் காட்டி, "இதிலை ஒருக்கால் சாய்ஞ்சு பாரும்" என்றார். சாய்ந்தேன். கித்தான் துணி முதுகைத் தாங்கிக்கொண்டது. ஆடிப் பார்த்தேன், புரண்டும் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. இத்தனை நாளாக இது என் கண்முன்னாலேயே கிடந்திருக்கிறது!

அவர் தாமே ஆப்புகளைக் கழற்றி, கித்தானோடு முதுகுச் சட்டத்தை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்தார். "அண்ணா, அப்புறம் நீங்க எதுல சாய்வீங்க?" என்றேன். "ஒருநாள் நொந்தால் என்ன? நீர் கடல் தாண்டி வந்தனீர்" என்றார். அவர் வலிக்கு அந்தக் கதிரை என்ன என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் விடியுமுன்பே வண்டில்காரக் கந்தையாவோடு புறப்பட்டேன். சட்டத்தை வைக்கோலில் சுற்றி வண்டிலில் படுக்க வைத்து, அதன் பக்கத்தில் நானும் படுத்துக்கொண்டேன். மாடுகள் பஸ்ஸைவிட நல்லவை.

கரையில் வேலுப்பிள்ளை அதைப் பார்த்ததும் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "உது சின்னத்துரையற்றை கதிரை எல்லே?"

"முதுகு மட்டும்தான். சத்தமே இல்லை, தட்டிப் பாருங்க."

"சத்தத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. உது என்ரை வள்ளத்திலை ஏறாது."

எனக்குப் புரியவில்லை. வள்ளம் தாங்காதோ என்று கேட்டேன்.

"வள்ளம் தாங்கும், நான் தாங்கமாட்டன். அந்தக் கதிரையிலை அவர் சாய்ஞ்சிருக்க, நான் எத்தினை தரம் முத்தத்திலை நிண்டு கதைச்சனான்? ஒருநாள் குந்து எண்டு சொன்னவரோ? நான் கடலோடி. நாலு ஊர்த் துறை கண்டவன். என்ரை சொந்த வள்ளத்திலையும் அந்தக் கதிரைக்கு முன்னாலை நிக்கச் சொல்லுறியளோ?" அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்களை ஏத்துறன் ஐயா. எத்தினை தரமெண்டாலும் ஏத்துறன். உதை ஏத்தமாட்டன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பறவைகள் அதோ நிற்கின்றன. நாளைக்கு நிற்குமோ நிற்காதோ. ஒரு மரச் சட்டத்துக்கா இவ்வளவு? ஆனால் கந்தையா அண்ணன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், மரச் சட்டம் வெறும் மரச் சட்டம் இல்லை என்று எனக்கும் உறைத்தது. நான் வந்த அன்று மாலை வேலுப்பிள்ளை நின்று பேசியபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்துதானே இருந்தேன்.

சட்டத்தைத் திரும்ப வண்டிலில் ஏற்றச் சொன்னேன். பிறகு மணலில் குந்தி யோசித்தேன். பறவைகளுக்குக் கிட்டப் போய்க் கம்பைச் சேற்றில் ஊன்றிவிட்டால் வள்ளம் நகராது. அதற்குப் பிறகு வேலுப்பிள்ளைக்கு வேலை இல்லை.

"வேலுப்பிள்ளை அண்ணை" என்றேன், அவர்கள் பேச்சிலேயே. "அப்படின்னா உங்க முதுகைக் குடுங்க."

"என்ரை முதுகையோ?"

"நீங்க அந்தப் பக்கம் பாத்து உட்காருங்க. நான் இந்தப் பக்கம் பாத்து உட்கார்றேன். முதுகோடு முதுகு சாஞ்சுக்குவோம். அது கிறீச்சுன்னு சத்தம் போடாது இல்லையா?"

அவர் சிரிக்கப் போனார். பிறகு சிரிக்கவில்லை. "நல்லாய் யோசியுங்கோ. பின்னேரம் நீர்வேலிக்குத்தான் திரும்பிப் போகவேணும்" என்றார். கந்தையாவைக் கண்ணால் காட்டினார்.

"முதல்ல பறவையைப் பாப்போம்" என்றேன்.

கிட்டப் போனதும் ஓசைப்படாமல் கம்பை இறக்கி ஊன்றினார். நடுவில் ஒரு பலகையைப் போட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான் சாய்ந்தேன். வெயில் காய்ந்த சுவர் போல வெதுவெதுப்பாக இருந்தது. அவர் மூச்சு இழுத்தால் என்னை முன்னால் தள்ளியது, விட்டால் பின்னால் வாங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் மூச்சும் ஒன்றாகிவிட்டது. வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

சற்று விலகி நின்ற பறவைகள் ஒவ்வொன்றாக நடந்து வந்தன. நான் கிசுகிசுத்தேன்: "ஒண்ணு தலையைக் கவிழ்க்குது. இப்ப காலால சேத்தைக் கலக்குது." அவர் அந்தப் பக்கம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். கழுத்தின் வளைவு எனக்கு முன்னால் நின்றது. எத்தனை வருஷம் தப்பாக வரைந்திருக்கிறேன்! அது ஒரே வளைவு இல்லை, நடுவில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. பென்சிலை ஓட்டினேன்.

அப்போதுதான் அவர் முதுகு நடுங்க ஆரம்பித்தது. இருமல்! உட்கார்ந்தால் வரும் என்று அவர் முன்பே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தோளில் கிடந்த சால்வையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டார். அடக்கிய ஒவ்வொரு இருமலும் என் முதுகெலும்பில் வந்து இடித்தது. போதும், இருமிவிடுங்கள் என்று சொல்லத் திரும்பினேன். அவர் கையைப் பின்னால் நீட்டி என் தொடையை அழுத்தினார். வரை என்று அர்த்தம்.

வரைந்தேன். வெயில் உச்சிக்கு வரும்வரை வரைந்தேன். பறவைகள் தாமாகவே மேய்ந்துகொண்டு விலகிப் போனபிறகு, கம்பைப் பிடுங்கி நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு வந்து, அதற்கப்புறம்தான் சால்வையை எடுத்தார். அதற்குமேல் அவர் இருமிய இருமலில் வள்ளமே ஆடிற்று. கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

நான் பஸ்ஸில் நீர்வேலிக்கு வந்துசேர விளக்கு வைத்துவிட்டார்கள். சட்டமும் கந்தையாவும் கரையில் நடந்த பேச்சும் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. கதிரை பழையபடி பூட்டப்பட்டிருந்தது. சின்னத்துரை அதில் இருந்தார்.

"தம்பி, கிணத்தடிக்குப் போய் முழுகிப்போட்டு உள்ளுக்கு வாரும்" என்றார்.

"காலையில குளிச்சேன் அண்ணா."

"நான் என்னத்துக்குச் சொல்லுறன் எண்டு உமக்குத் தெரியும்."

தெரியும். நான் கிணற்றடிக்கும் போகவில்லை, விறாந்தையிலும் ஏறவில்லை. வேலுப்பிள்ளை நின்ற இடத்திலேயே முற்றத்தில் நின்றுகொண்டு படத்தை நீட்டினேன். வாங்க வேண்டுமானால் அவர்தான் எழுந்து வரவேண்டும். வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி. விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டவோ?"

"இன்னும் கிட்ட."

"உதிலை, பக்கத்திலைதான் கிடக்குது ஏரி. நான் ஒருநாளும் பாக்கேல்லை. இந்த முதுகு விடாது" என்றார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "உவன் இருமியிருப்பானே?"

"வாய்க்குள்ள சால்வையை அடைச்சுக்கிட்டார். கடைசிவரைக்கும் இருமவே இல்லை."

சின்னத்துரை படத்தைத் திருப்பித் தந்தார். உள்ளே பார்த்து, "தம்பிக்குச் சோத்தைப் போடும், ஆறப்போகுது" என்றார். கிணற்றைப் பற்றிப் பிறகு பேச்சில்லை. நான் கால் மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவர் கதிரையில் போய் விழவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலையில் நான் வாசல் படலையைத் திறக்கும்போது பின்னால் வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். பனங்கற்கண்டு. "உதை அவனிட்டைக் குடும். இருமலுக்கு நல்லது" என்று மட்டும் சொன்னார்.

வேலுப்பிள்ளை கரையில் நின்று பொட்டலத்தைப் பிரித்தார். யார் கொடுத்தது என்று சொன்னேன். ஒரு கட்டியை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

"தானே வந்து தந்திருக்கலாம்" என்றார்.

"அவருக்கு முதுகு வலி."

"அதுக்குத்தான் என்ரை முதுகு இருக்கே" என்றார்.

பறவைகள் இன்னும் நின்றன, நேற்றைவிடக் கொஞ்சம் குறைவாக. அவர் கம்பை ஊன்றினார், பலகையைப் போட்டார், கற்கண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எனக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்தார். நான் சாய்ந்தேன்.